‘இன்னா வெட்டு?’ என்று கேட்ட முனுசாமி

அன்று காலை கோதண்டம் வீட்டு வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். பஞ்சாயத்துத் தலைவராக இருந்த என் அண்ணன் கோதண்டம், அண்ணி ராஜம்மா, கம்பெனியிலிருந்து ஜீப்பில் வந்த கண்ணாடிக்காரர், தமுக்கடித்து ஊருக்குச் சேதி சொல்லும் முனுசாமி, காப்பி டம்ளர்களோடு நான். அண்ணி போய் நாலு வருஷம். கண்ணாடிக்காரர் எந்த ஊர் என்றே தெரியாது. போன வாரம் முனுசாமியும் போய்விட்டார். ஊரில் யார் செத்தாலும் முதலில் சொன்னவர் அவர். அவர் செத்ததைச் சொல்ல ஆளில்லை. பால் ஊற்ற வந்தவள்தான் எனக்குச் சொன்னாள்.

மார்கழி என்றால் நமக்கெல்லாம் அவர் குரல்தான். பனியில் ஆள் தெரியாது, தமுக்குச் சத்தம் மட்டும் வரும். காணாமல்போன கன்றுக்குட்டி, அம்மை ஊசி, மடை திறக்கும் முறை எல்லாம் அதில் வரும். ஏரிக்கரைச் சாலையில் வீட்டுக்கு ஒரு வேப்பங்கன்று நட்ட முதல் வருஷம், “கன்னுல ஆடு வாய வெச்சா, ஆட்டுக்காரங்க ஊட்டுச் சோத்துல நான் வாய வெப்பேன், ஆமா!” என்று கூவினார். மறுநாளே எதிர்வீட்டு ரங்கம்மாவின் ஆடு ஒரு கன்றை மொட்டையடித்தது. மத்தியானம் நேராக அவள் வாசலில் போய் உட்கார்ந்து, “இன்னா கொழம்பு யக்கா?” என்றார். கருவாட்டுக் குழம்பு. திட்டிக்கொண்டேதான் போட்டாள். அதற்குப் பிறகு எந்த ஆடும் கரைப்பக்கம் போகவில்லை.

மழை விட்டு மண் ஈரமாக இருக்கும்போதே, மார்கழிக்கு மார்கழி புதிதாகக் குழி வெட்டிக் கன்று வைத்தோம். அதனால் நம் ஊரில் ‘வெட்டு’ என்றாலே குழிவெட்டுதான். பச்சைக் குழந்தைக்கும் அது தெரியும். என் அண்ணனுக்குத் தெரியாதா?

நட்டதெல்லாம் மரமாகி நின்ற அந்த மார்கழிக் காலை அண்ணன் சொன்னார்: “நாளைக்குக் கரை ரோட்டுல வெட்டு. ஊட்டுக்கு ஒருத்தர் இன்னிக்கே சாவடில கைநாட்டு வெச்சிட்டுப் போவணும்னு சொல்லு.”

முனுசாமி தமுக்கைத் தோளில் மாட்டிக்கொண்டே கேட்டார்: “இன்னா வெட்டு நைனா?”

“வெட்டுன்னா வெட்டுதான். புதுசாவா கேக்கற? அடிச்சிக்கினு போ.”

கண்ணாடிக்காரர் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை. முனுசாமி போய், “குழி வெட்டு! நாளைக்குக் குழி வெட்டு!” என்று தெருத்தெருவாக அடித்தார். குழி என்ற சொல் அவர் சேர்த்தது. நம் ஊரில் யாராக இருந்தாலும் சேர்த்திருப்பார்கள். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். அண்ணன் நீட்டிய தாள்தானே என்று படிக்காமல் பேரெழுதினேன்.

மறுநாள் நாம் மண்வெட்டியோடு போனோம். அங்கே கோடாலியோடு ஆட்கள் நின்றார்கள். கம்பெனி லாரிக்குப் பாதை அகலமாக வேண்டுமாம், மரங்களை வெட்ட ஊரே சம்மதித்ததாம். நம் கைநாட்டு இருந்த தாளை அண்ணன் தூக்கிக் காட்டினார். நீங்கள் அவரை ஒன்றும் கேட்கவில்லை. முனுசாமியைச் சூழ்ந்துகொண்டீர்கள்.

“குழின்னு கூவினியேடா! எவ்ளோ டப்பு வாங்கின?” என்று வரதன் தமுக்கை உதைத்துக் கிழித்தான். வரதா, இன்று உனக்கு விளங்காமல் போனது அதே கால்தான். நான் அதற்காக வருத்தப்படப் போவதில்லை.

முனுசாமி அண்ணனைப் பார்த்தார். “நான் குழின்னு சொன்னனா?” என்றார் அண்ணன். பிறகு முனுசாமி என்னைப் பார்த்தார். வாசலில் நான் நின்றது அவருக்குத் தெரியும். பிறந்த வீடாயிற்றே என்று நான் தரையைப் பார்த்தேன். மரங்கள் விழ இரண்டு நாள் ஆயிற்று. ரங்கம்மா தன் மரத்தைக் கட்டிக்கொண்டாள். பிரித்து இழுத்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் தமுக்கைத் தொடவில்லை. எளாவூர் செக்போஸ்டில் லாரிக்கு மூட்டை தூக்கினார். ஒருமுறை அங்கே பார்த்தேன். “சேதி சொல்ற வேல போனது நல்லதுதான் யம்மா. இப்பல்லாம் மூட்ட இன்னா மூட்டன்னு கேக்காமலே தூக்கறேன்,” என்று சிரித்தார்.

சாவுக்கு அண்ணன் பெரிய மாலையோடு வந்தார். பிணத்தின் மீது போட்டுவிட்டு, நாலு பேர் கேட்கும்படி, “நல்ல மனுஷன். வாய்தான் கொஞ்சம் அவசரம்,” என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முனுசாமி பொய் சொல்லவில்லை. காசு வாங்கவில்லை. அவர் கேட்டார். “இன்னா வெட்டு நைனா?” என்று வாயைத் திறந்து கேட்டார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த மூன்று வார்த்தைதான். இனி யார் கேட்டாலும் சாட்சி சொல்வேன். தலையாட்டிய உங்களை விட்டுவிட்டேன், வரதனைக்கூட ஒருநாள் விட்டுவிடுவேன். வாயை மூடிக்கொண்டிருந்த என்னை முனுசாமியின் பிள்ளைகள் என்ன செய்தாலும் தகும். நான் மன்னிக்காத ஆள் ஒருவர்தான். என்னோடு ஒரே வயிற்றில் பிறந்த கோதண்டம்.