ஒரு பக்கத்துக்கு எதற்கு சிஸ்டம்?

வெப்சைட் செய்துகொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இதுல எதை, எப்பப்போ மாத்துவீங்க?" பதிலைப் பொறுத்துத்தான் கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்வேன். அது இருந்தால் சொந்தக்காரரே பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய் எழுத்தையும் படத்தையும் மாற்றிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஒரு கமா மாற்றவும் என்னிடம்தான் வர வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிறகு மாமல்லபுரத்து லாட்ஜ்காரர்களை இந்த ஆசை பிடித்து ஆட்டியது. வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொள்வேன், கேட்க மாட்டார்கள். வாங்கிக்கொண்டு போய் பாஸ்வேர்டை மறந்துவிடுவார்கள். பொங்கல் வாழ்த்து ஆடி மாதத்திலும் அப்படியே தொங்கும்.

செங்கல்பட்டில் என் கடைக்கு ஒரு மத்தியானம் அவர் வந்தார். கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு போன மகன் திரும்பி வரவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று, பேப்பரிலும் போட்டாயிற்று.

"அவன் பேப்பர் பாக்க மாட்டாம்மா. எந்நேரமும் பிரவுசிங் சென்டர்லதான் குந்திகினு இருப்பான். என்னிக்காவது அவன் பேர அவனே அடிச்சுப் பாக்க மாட்டானா?"

ஒரு போட்டோ, நாலு வரி, ஒரு போன் நம்பர். இதற்கு சிஸ்டமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். ஆனாலும் வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது: "இதுல எதை மாத்துவீங்க?"

"அவன் வந்துட்டா மாத்தணும்."

"அன்னிக்கு ஒரு போன் பண்ணுங்கய்யா, நானே எடுத்துடறேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அன்னிக்கு ஒனக்கு போன் பண்ணிகினு நிப்பேனா? எம் புள்ள வந்துட்டான்னு எங்கையால போட வாணாமா?"

எனக்கும் எரிச்சல்தான். வருமோ வராதோ தெரியாத ஒரு நாளைக்காக இவ்வளவு வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். முடித்ததும் பக்கத்தில் உட்காரவைத்து, பழகிப் பார்க்க எதையாவது மாற்றுங்கள் என்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, 'காணவில்லை' என்பதை அழித்துவிட்டு 'வந்துவிட்டான்' என்று அடித்தார். அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அவரே பழையபடி மாற்றினார்.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தைத் திறக்கவே எனக்கு பயம். திறந்தபோதெல்லாம் ஒன்றுதான் மாறியிருந்தது. வருஷா வருஷம் மகனின் வயதைக் கூட்டிக்கொண்டே வந்தார். மேலே போட்டோவில் அதே மீசை முளைக்காத முகம்.

பிறகு ஒருநாள் போன் வந்தது. அவர் குரலைக் கேட்டதும், பையன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன். அந்த ஒரு நொடி எனக்குத் தலைகால் புரியவில்லை.

"எம் பொஞ்சாதி பூட்டாம்மா," என்றார். "கம்ப்யூட்டர் முன்னாடிதான் குந்திகினு கீறேன். அத்த இதுல போடலாமா? அம்மா செத்துட்டான்னு பாத்தா ஓடியாந்துடுவானா? இல்ல, இனிமே அங்க யாரு கீறாங்கன்னு அப்டியே இருந்துடுவானா?"

எனக்கு என்ன தெரியும்? சிஸ்டத்தில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். எதை எழுதினால் ஒரு பிள்ளை வீட்டுக்கு வருவான் என்று யாரிடம் போய்க் கேட்பது? போடாதீங்கய்யா என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் புரியவில்லை.

அவரும் போடவில்லை. அந்தப் பையனைப் பொறுத்தவரை அவன் அம்மா இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள்.