தங்கம் மாற்றி எழுதிய சர்வர்

தங்கத்தை நான் முதலில் பார்த்தபோது அவள் ஒரு மேசைக்கு அடியில் உட்கார்ந்து வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. "அந்த ஸ்விட்சை அணைச்சுடுங்க" என்று உள்ளிருந்து தமிழில் ஒரு குரல் வந்தது. ஹைதராபாத்துக்கு வந்து எட்டு மாதமாகத் தமிழுக்கு ஏங்கிப்போயிருந்த எனக்கு, அந்த மேசையையே கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

எனக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். கணவரின் வேலை மாற்றலோடு வந்தவள். பேகம்பேட்டில் கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்தச் சின்னக் கம்பெனியில் போனை எடுப்பது என் வேலை. பள்ளிப் பேருந்துகளில் ஒரு பெட்டியைப் பொருத்துவார்கள். வண்டி எங்கே போகிறது என்று அது நொடிக்கு நொடி எங்கள் சர்வருக்குச் சொல்லும். பேருந்து வீட்டை நெருங்கும்போது தாய்மாருக்கு ஒரு குறுஞ்செய்தி போகும். போகாவிட்டால் அவர்கள் என்னைக் கூப்பிடுவார்கள்.

தங்கம் இதே ஊரில், லாலாகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து ரயில்வேக்கு வந்தவராம். அவள் பேசும் தமிழில் உருது பாதி, தெலுங்கு கால் இருக்கும். என்னைவிட இரண்டு வயது மூத்தவள்தான், ஆனால் அக்கா என்று கூப்பிட்டால், "அது நக்கோ, வேணாம், பேர் சொல்லு" என்பாள்.

அவள் கணவன் தினேஷ், பாளையங்கோட்டைக்காரன். இருவரும் இதே கம்பெனியில் சந்தித்துக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். சர்வரை சி பிளஸ் பிளஸ்ஸில் முதன்முதலில் எழுதியது தினேஷ்தான். முதலாளி வெங்கடராமன் சார் வருகிறவர்களிடமெல்லாம், "இதை ஒரே பையன் எழுதினான்" என்று சொல்லிக் காட்டுவார். பிறகு ஊரின் மறுபக்கம் மாதாப்பூரில் பெரிய கம்பெனி ஒன்று தினேஷை இழுத்துக்கொண்டது. தங்கம் இங்கேயே இருந்தாள். அவன் எழுதியதைப் பராமரிக்கும் வேலை அவள் தலையில் விழுந்தது.

பேருந்துகள் சில நூறாக இருந்தவரை தொல்லையில்லை. ஒரு பள்ளிக் குழுமம் மொத்தமாகச் சேர்ந்ததும் அது ஆயிரங்களாகிவிட்டது. சர்வர் அடிக்கடி படுத்தது. ஏன் என்று கேட்டேன். தினேஷின் முறையில், ஒவ்வொரு பேருந்துக்கும் சர்வருக்குள் தனியாக ஓர் ஆள் காத்திருப்பதுபோல ஓர் இழை ஓடும் என்றாள். பேருந்து எதுவும் பேசாவிட்டாலும் அந்த இழை அதற்காகவே, நினைவகத்தில் இடம் பிடித்துக்கொண்டு நிற்கும். சிக்னல் அறுந்துபோன பெட்டி மறுபடி இணைந்தால் இன்னொரு இழை பிறக்கும். பழையது செத்துப்போன இணைப்புக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். கடைசியில் இடம் தீர்ந்துவிடும்.

ஓர் ஆகஸ்ட் மாதம், நல்ல மழை. சர்வர் விழுந்து, திரையில் எல்லாப் பேருந்துகளும் பழைய இடத்திலேயே நின்றன. என் போன் ஓயவில்லை. இணைப்பு கிடைக்காத ஓர் அம்மா போவன்பள்ளியிலிருந்து ஆட்டோ பிடித்து நேராக மாடியேறி வந்துவிட்டார். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. கத்தவில்லை. "மா பாப பஸ் எக்கட மேடம்?" என்று மட்டும் கேட்டார். என் குழந்தையின் பேருந்து எங்கே என்று. தங்கம் ஓட்டுநரின் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டாள். பாலத்தடியில் தண்ணீர் தேங்கி வண்டி நின்றிருந்தது. குழந்தைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்.

தங்கம் அவர் இறங்கிப்போன படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முதலாளி அறைக்குள் போனாள்.

"சார், இதை ஒட்டுப்போட்டு ஒண்ணும் ஆகாது. முழுசா மாத்தி எழுதணும்."

"தினேஷ்கிட்ட கேட்டியாம்மா?"

"கேட்டேன் சார். மெமரி கூட்டச் சொல்றான்."

"கூட்டிடலாமே?"

"கூட்டினா இன்னும் ஆறு மாசம் தள்ளும். அவ்வளவுதான்."

சார் ஒப்புக்கொண்டார். வீட்டில்தான் புயலடித்தது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், தயிர்சாதத்தைப் பிசைந்தபடியே, நடந்ததையெல்லாம் தங்கம் என்னிடம் சொன்னாள்.

"நாலு வருஷம் ஓடிச்சுல்லா? ஓடாத ஒண்ணையா நான் எழுதிக் கொடுத்தேன்?" என்று கேட்டிருக்கிறான் தினேஷ்.

"தப்புன்னு யாரு சொன்னா? அப்ப இருந்த வண்டிக்கு அது சரி. கைக்கு இவ்வளவு கோபம்?" என்றாளாம் இவள். கைக்கு என்றால் அவள் உருதுவில் ஏன் என்று பொருள்.

"ஒனக்குத் தெரியாது, தங்கம். மாதாப்பூர் போனதுலேர்ந்து நான் மீட்டிங்ல உக்காந்துட்டு இருக்கேன். ஸ்லைடு போடுதேன். கையால நான் எழுதுன கடைசி வேலை அதுதான்."

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன். "தோசை ஊத்தினேன்" என்றாள்.

ஆனாலும் வேலையை நிறுத்தவில்லை. புதிய முறையில் காத்திருக்கும் ஆட்களே கிடையாது. ஒரே ஒரு சுழல். எந்த இணைப்பில் செய்தி வந்திருக்கிறது என்று இயங்குதளத்தைக் கேட்கும், வந்தவற்றை மட்டும் எடுத்து வேலையை முடிக்கும், மறுபடி கேட்கும். யாருக்காகவும் நிற்காது. பாதிச் செய்தி வந்தால் அதை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த பேருந்தைப் பார்க்கும். அந்தப் பாதிகளை யாருடையது எது என்று கலக்காமல் வைத்துக்கொள்வதுதான் உயிரை வாங்குகிறது என்பாள். மழைக்காலம் போய்க் குளிர் வந்தது. அவள் மெலிந்தாள். சங்கராந்தி விடுமுறைக்குள் எழுதி முடித்து, பொய்யான பேருந்துகளை ஆயிரக்கணக்கில் உண்டாக்கி ஓட்டிப் பார்த்தாள். சர்வர் அசராமல் தாங்கியது.

விடுமுறை முடிந்த காலையில் புதிய சர்வர் ஓடத் தொடங்கியது. சார் வாசலில் தேங்காய் உடைத்தார். எட்டு மணிவரை எல்லாம் நன்றாக இருந்தது. பிறகு திரையில் அத்தனை பேருந்துகளும் ஒரே சமயத்தில் உறைந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாம் சேர்ந்து நகர்ந்தன, மறுபடி உறைந்தன. நான் இரண்டு போன்களை இரண்டு காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"பழசைப் போடு, தங்கம்" என்றார் சார். குரலை உயர்த்தவில்லை. அதுவே அவளுக்கு அதிகமாக வலித்திருக்க வேண்டும். "ஹவ், சார்" என்று தலையாட்டினாள். தினேஷின் சர்வரைத் திரும்ப ஏற்றிவிட்டு மதியமே கிளம்பிப் போனாள்.

அன்று வீட்டில் தினேஷ், "பாத்தியா?" என்று ஒரே ஒரு சொல் சொன்னானாம். சொன்ன கையோடு அவன் முகமே மாறிவிட்டதாம். இரண்டு பேரும் இரண்டு நாள் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் அவள் வந்து, சுழலின் ஒவ்வொரு அடிக்கும் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் பதியும்படி நிரலை மாற்றினாள். ஒரு பள்ளியின் பேருந்துகளை மட்டும் புதிய சர்வருக்குத் திருப்பினாள். மத்தியானத்துக்குள் அகப்பட்டுவிட்டது. தாய்மாருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதி. அது குறுஞ்செய்திக் கம்பெனியைக் கூப்பிட்டுவிட்டு, பதில் வரும்வரை நிற்கும். பழைய முறையில் அந்த ஒரு பேருந்தின் இழை மட்டும் நின்றது, யாருக்கும் தெரியவில்லை. இங்கே இருப்பது ஒரே சுழல். அது நின்றால் ஊரே நின்றுவிடும். யாருக்கும் தவறான செய்தி போய்விடக் கூடாதென்று சோதனையின்போது அந்தப் பகுதியை அவள் அணைத்து வைத்திருந்தாள். அதனால்தான் முன்னாலேயே தெரியவில்லை.

"மொத்த சர்வர்லயும் நான் தொடாம விட்டது அது ஒண்ணுதான்" என்றாள் என்னிடம். "தினேஷ் எழுதினது. அழகா இருந்துச்சு. அதையாவது வச்சுக்கலாம்னு அப்படியே தூக்கிப் போட்டேன்."

அன்று மாலை, அவளை அழைத்துப்போக தினேஷ் பைக்கில் வந்தான். வழக்கமாகக் கீழேயே நிற்பவன் மேலே வந்தான். தங்கம் அவனுக்குத் திரையைக் காட்டினாள். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவதுபோல் பாவனை செய்துகொண்டு அங்கேயே நின்றேன்.

அவன் நெடுநேரம் படித்தான். "என் கோடுல தப்பு இல்லையே?" என்றான்.

"இல்ல. நான் அதை வச்ச இடம் தப்பு."

அவன் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டான். "இத மட்டும் எதுக்கு விட்டு வச்ச, பிள்ள? மொத்தத்தையும் அழிச்ச கையோட இதையும் அழிச்சிருக்க வேண்டியதுதான?"

அவள் கண் கலங்கியிருந்தது. அவன் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, "மீதியையும் காட்டு, பாக்கேன்" என்றான். நான் அதற்குமேல் நிற்பது மரியாதையில்லை என்று இறங்கிவிட்டேன்.

செய்திகளை ஒரு வரிசையில் போட்டுவிட்டுச் சுழல் தன் வழியே போய்விட வேண்டும், வரிசையைத் தனியே வேறோர் இழை பார்த்துக்கொள்ளும் என்று அவள் மாற்றினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தினேஷ் படித்ததில், அறுந்த இணைப்பை ஓரிடத்தில் மூட மறந்திருந்தது அகப்பட்டது. நல்ல தப்பு அது, மாதக்கணக்கில் ஓடியபிறகுதான் உயிரை எடுத்திருக்கும். திங்கட்கிழமை அதை என்னிடம் சொல்லும்போது, தானே கண்டுபிடித்ததைவிட அவளுக்கு அதிகச் சந்தோஷம்.

பிப்ரவரியில் எல்லாப் பேருந்துகளும் புதிய சர்வருக்கு வந்தன. உண்மையான பரீட்சை அந்த வருடக் கடைசியில்தான். தெலங்கானா போராட்டத்தில் வாரக்கணக்காகப் பள்ளிகள் மூடிக் கிடந்தன. நிறுத்திவைத்த வண்டிகளில் பெட்டிகளின் பேட்டரியெல்லாம் தீர்ந்துவிட்டது. திறந்த அன்று காலை ஓட்டுநர்கள் சாவியைத் திருப்பியதும், அத்தனையும் ஒன்றாக விழித்துக்கொண்டு எங்கள் கதவைத் தட்டின. பழைய சர்வர் என்றால் அந்த நிமிடமே போயிருக்கும். திரையில் புள்ளிகள் தார்நாகாவில், அமீர்பேட்டில், போவன்பள்ளியில் என்று நகரம் முழுக்கப் பூத்தன, நகர்ந்தன. தங்கம் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. நாற்காலியில் சாய்ந்து, வயிற்றில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். என் போன் மூன்று தடவைதான் அடித்தது. அதில் ஒன்று தவறான எண்.

"அவ்வளவுதானா?" என்றேன்.

"அவ்வளவுதான். ஒண்ணும் நடக்காம இருக்கத்தானே இவ்வளவு பாடு" என்றாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஹர்ஷிதா என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டு சார் கம்பெனியை பெங்களூர்க்காரர்களுக்கு விற்றார். அவர்கள் அலுவலகத்தை மூடிவிட்டுச் சர்வரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தங்கத்தை பெங்களூருக்குக் கூப்பிட்டார்கள். அவள் போகவில்லை. ஏனென்றால், தினேஷ் அதற்குச் சில மாதம் முன்புதான் மாதாப்பூர் வேலையை உதறிவிட்டு, தார்நாகாவில் ஆய்வுக்கூடங்களுக்குக் கருவிகள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்திருந்தான். அங்கே நிரல் எழுதும் வேலை.

சென்ற ரமலானுக்கு இருவரும் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தங்கம் இப்போது மின்சார மீட்டர்கள் சம்பந்தமான ஓர் இடத்தில் இருக்கிறாள். சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் ஏதோ ஒன்றைப் பற்றி வாக்குவாதம் வந்துவிட்டது. எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. "அதெல்லாம் நிக்கும்ங்கேன்" என்றான் அவன். "நிக்காது, நீ எழுதிட்டு வா, காட்டுறேன்" என்றாள் அவள். குழந்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்னிடம் தெலுங்கில் இன்னொரு பாயசம் கேட்டது.