காடு மூடிய ஐந்து மாதங்கள்

புதிதாக வந்திருக்கும் வெளிக்கள உத்தியோகத்தர்களே, படிவம் நிரப்புவது சின்ன வேலை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே ஒரு படிவத்தால் ஒரு ஊரைக் கவிழ்த்தவள் நான்.

1. மூன்றாம் கேள்வி

மாத்தளை மலைப்பக்கம் ஏலத்தோட்டம் மூடியபின் அங்கேயே தங்கிவிட்ட சனங்கள். தேன், காட்டு ஏலக்காய், கொறக்காப்புளி. காடுதான் அவர்களுக்குச் சோறு போட்டது. தாங்களே சங்கம் வைத்து, தாங்களே சட்டம் போட்டிருந்தார்கள். தேன்கூட்டில் குஞ்சு இருக்கும் ஐந்து மாதம் யாரும் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. மீறினால் அடுத்த பருவத்தில் பங்கில்லை. சங்கத் தலைவி செல்லம்மா தன் சொந்தத் தம்பியையே அப்படி விலக்கி வைத்தவள்.

அடுத்த வருடத்திலிருந்து அனுமதி அட்டை இல்லாதவர் காட்டுக்குள் போக முடியாது என்று உத்தரவு வந்தது. விண்ணப்பம் நிரப்பப் போனேன். மூன்றாம் கேள்வி: வருடத்தில் எத்தனை மாதம் காட்டை நம்பியிருக்கிறீர்கள்?

"ஏழு மாசம் மிஸ். மிச்ச அஞ்சு மாசம் மரவள்ளி அவிச்சுத் தின்னுக்கிட்டுக் கிடப்போம். நாங்களே காட்டை மூடிருவோம்ல!" என்றாள் செல்லம்மா பெருமையாக.

எனக்கும் பெருமைதான். ஏழு என்று எழுதினேன். காரணம் எழுதக் கட்டத்தில் இடமில்லை. நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

2. பெரியவரின் பதில்

கந்தோரில் எங்கள் மேலதிகாரியான பெரியவர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார்.

"அஞ்சு மாசம் காடு இல்லாம இருக்காங்கதானே? மிச்சமும் இருக்கலாம். முழு வருஷமும் நம்பியிருக்கிறவங்களுக்குத்தான் அட்டை."

"சேர், காட்டைக் காப்பாத்தத்தான் அவங்க அப்படி..."

"அது இதுல எங்க எழுதியிருக்கு மிஸ்? அடுத்த வருஷம் திரும்பப் போடச் சொல்லுங்க. அதுவரைக்கும் அட்டை இல்லாமலே காட்டுக்குப் போய் வரட்டும்."

இதை அப்படியே போய்ச் செல்லம்மாவிடம் சொன்னேன்.

3. பொட்டலம்

மறுவருடம் அவளே கந்தோருக்கு வந்தாள். வாழையிலைப் பொட்டலம் ஒன்றை என் மேசையில் பிரித்தாள். தேனடை. கண்ணறை முழுக்க வெள்ளைக் குஞ்சுகள். சில இன்னும் நெளிந்தன.

"இந்த வருஷம் காட்டை மூடல மிஸ். கூட்டம் போட்டுச் சட்டத்தை எடுத்துட்டோம். என் தம்பிதான் முதல்ல ஏறினான்."

"ஐயோ, ஏன் செல்லம்மா?"

"பன்னெண்டு மாசம்னு எழுதணும்ல? நாங்க பொய் சொல்ல மாட்டோம்."

பன்னிரண்டு என்று எழுதினேன்.

அட்டைகள் வந்தன. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பருவத்தில் காட்டில் தேன் இல்லை.

கட்டத்தில் இடமில்லையென்றால் ஓரத்தில் எழுதுங்கள். ஓரமும் இல்லையென்றால் பின்பக்கம் எழுதுங்கள். அந்தப் படிவத்தின் பின்பக்கம் முழுக்க வெறுமையாகத்தான் இருந்தது.