கெடு முடியாத வண்டி

கதீஜாம்மா காலமான செய்தி வந்தபோது, நான் அவருடைய ரிக்‌ஷாவுக்கு முன்னால் வாயால் மில் சங்கு மாதிரி ஊதிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தேன். வண்டிக்குள் திருவொற்றியூரிலிருந்து ஏற்றிய ஒரு பெண், பிரசவ வலி. டோல்கேட் அருகே சைக்கிளில் துரத்தி வந்தவர், அம்மா மவுத்தாகிவிட்டதாகச் சொன்னார். வண்டியை இழுத்துக்கொண்டிருந்த முனுசாமி நைனா நிற்கவில்லை.

"கெடு இன்னும் முடியலடா. நீ ஊது."

ஊதினேன். அழுதுகொண்டே ஊதினால் சுதி ஒரு மாதிரி கரகரக்கிறது. அதற்கு மாட்டுவண்டிகள் இன்னும் சீக்கிரமாகவே ஒதுங்குகின்றன. ராயபுரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அதன் அழுகையைக் கேட்ட பிறகுதான் நாங்கள் அவர் வீட்டுக்குப் போனோம்.

நம் தெரு வாசகசாலைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கெடுவைப் பற்றித் தெரியும். புதிதாகக் குடிவந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ரயில்வே கேட் மூடியிருந்த ஒரு மத்தியானம், ஒரு பெண்ணுக்குத் தெருவிலேயே பிரசவமாகிவிட்டது. புடவையை மறைப்பாகப் பிடித்து நின்றவர் கதீஜாம்மா. மறுநாளே, கணவர் விட்டுப்போன வாடகை ரிக்‌ஷாக்களில் நல்லதாக ஒன்றைப் பிரசவத்துக்குப் போகிற பெண்களுக்கென்று வக்ஃபு செய்வதாகப் பள்ளிவாசலில் சொன்னார். யார் வீட்டுப் பெண்ணானாலும் சரி. ஆனால் ஒரு முஹர்ரம் பிறையிலிருந்து அடுத்த முஹர்ரம் பிறை வரைக்கும்தான்.

ஜமாஅத் செயலாளருக்கு அந்த 'தான்' பிடிக்கவில்லை. அல்லாஹ்வுக்கென்று ஒதுக்கியதை விற்கவும் முடியாது, திரும்ப எடுக்கவும் முடியாது. வக்ஃபு என்றால் மறுமை நாள் வரைக்கும். தவணை வைத்துக் கொடுக்க அது தையல் மிஷினா என்றார்.

"மறுமை நாள்ல யாருக்கு பாய் பிரசவம் ஆவப் போவுது? எனுக்கு இந்த வருசத்துப் புள்ளைங்கதான் கவலை" என்றார் கதீஜாம்மா.

விவகாரம் பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்திடம் போனது. அவர் பொறுமையாக விளக்கினார். நம் பக்கத்து உலமாக்கள் நிரந்தரம்தான் வேண்டும் என்கிறார்கள். மாலிகி என்கிற இன்னொரு மத்ஹபின் சட்டப்படி கெடு வைத்தும் கொடுக்கலாம். கெடு முடிந்தால் பொருள் உரியவருக்கே திரும்பும். ஆனால் அதுவரைக்கும் கொடுத்தவரே வந்து கேட்டாலும் கிடையாது. செயலாளர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வண்டி கிளம்பிவிட்டது.

முதல் வருடம் முடிந்த அன்று கதீஜாம்மா நிஜமாகவே வண்டியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். தெரு கொதித்தது. கிழவி கஞ்சம் என்று டீக்கடையில் தீர்ப்பே எழுதிவிட்டார்கள். அவரோ வண்டியைக் கழுவித் துடைத்து, மகாராணி மாதிரி ஏறி உட்கார்ந்து, காசிமேடு வரை காற்று வாங்கிவிட்டு வந்து, நேராகப் பள்ளிவாசல் வாசலில் இறங்கி, இன்னொரு வருடத்துக்கு ஒப்படைத்தார்.

"ஒரே தபா குட்த்துட்டா ஒரே தபாதான் சந்தோசம். என் வண்டி என் கைக்கு வந்தாத்தானே மறுபடி குடுக்க முடியும்?"

என் கதை அதற்குப் பின்னால் வருகிறது. மில் சங்கைப் போலவே ஊத எனக்கு வரும். ஒருநாள் மில் சுவருக்குப் பின்னால் நின்று மத்தியானச் சங்கை முன்கூட்டியே ஊதிவிட்டேன். தெருவில் பாதி வீடுகளில் வேகாத சோறு வடிக்கப்பட்டது. அரிசியோடு அரிசியாக என்னையும் வேகவைக்க அப்பா மளிகைக் கடையிலிருந்து கிளம்பிவந்தார். கதீஜாம்மா நடுவில் புகுந்தார்.

"இவன் வாய ஒரு வருசத்துக்கு வக்ஃபு பண்ணு அண்ணாச்சி. வண்டிக்கு முன்னால ஊதினு ஓடட்டும். கேட்டுக்காரன்லாம் அலறி வழி வுடுவான்."

"மறுமை நாள் வரைக்கும் நீங்களே வச்சுக்கிடுங்கம்மா" என்றார் எங்கள் திருநெல்வேலி அப்பா.

"வோணாம். கெடு வெச்சாத்தான் சங்கு ஒழுங்கா ஊதும்."

அன்றிலிருந்து அவருக்கு என் பெயர் சங்கு. எத்தனை லாரிகள் என் வாய்க்குப் பயந்து ஒதுங்கின என்று துறைமுகத்து டிரைவர்களைக் கேளுங்கள். அதன் பிறகு எங்கள் வண்டியில் ஏறிய யாருக்கும் தெருவில் பிரசவமாகவில்லை.

அடக்கம் முடிந்ததும் எல்லோரும் வண்டியைத்தான் பார்த்தோம். அது இனி துறைமுகத்தில் வேலை செய்யும் மகன் யூசுப் அண்ணனுக்கு. பிறை வரைக்கும் அவரும் தொட முடியாது. அதற்கப்புறம் வாடகைக்கு விட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது. கேட்க வாயெடுத்தவர் அதே செயலாளர்தான். நிரந்தரமாக எழுதிவிடும்படி இப்போதும் சொல்வார் என்று நினைத்தோம். "இன்னொரு வருசம் மட்டும், தம்பி" என்றார்.

யூசுப் அண்ணன் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு முனுசாமி நைனாவைப் பார்த்து, "பிறை தெரிஞ்சதும் வூட்டுக்குக் கொண்டா நைனா. அம்மா மாதிரி நானும் ஒரு தபா காசிமேடு போய்ட்டு வந்து குடுக்கிறேன்" என்றார்.

போன வாரம் பிறை தெரிந்தது. யூசுப் அண்ணன் சொன்னபடியே செய்தார். காசிமேட்டிலிருந்து திரும்புகையில் தெருவே வண்டிக்குப் பின்னால் வந்தது.

என் வாயின் கெடுவும் அன்றே முடிந்தது. கதீஜாம்மாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, இரண்டு கெடுவுக்கு நடுவில் வருகிற அந்த ஒரு நாள்தான். அன்று வாய் முழுக்க என்னுடையது. மில் சுவருக்குப் பின்னால் போய் ஆசைதீர ஊதினேன். சோறு வடித்த தாய்மார்கள் மன்னிக்கவும். சாயங்காலம் பள்ளிவாசலுக்குப் போய், செயலாளரிடமே அதை இன்னொரு வருடத்துக்கு ஒப்படைத்துவிட்டு வந்தேன்.