மழையளவுப் பட்டியல்

வடக்குத்துக் கடைத்தெருவின் பழைய சாமான் கடையில் இன்று ஒரு வால்வு ரேடியோவின் குமிழைத் திருகியதும் சூடேறிய தூசியின் வாசம் வந்தது. சுரங்க நகரியத்துக்குக் குடிவருமுன், எங்கள் ஊரில் மாலைதோறும் அந்த வாசத்தோடுதான் உள்ளூர் மத்திய அலை நிலையம் ஊர்வாரியாக மழையளவைச் சொல்லும். வாசிப்பவர் எங்கள் தெரு மல்லிகா அக்கா. தொலைவில் உறுமிய நிலக்கரிச் சுரங்க இயந்திரம் வருஷத்துக்கு வருஷம் கிட்டே வர, அது விழுங்கிய ஊர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பட்டியலிலிருந்து காணாமல் போயின. எங்கள் ஊர்ப்பெயர் வரும்வரை அம்மா சோற்றில் கைவைக்க மாட்டாள்.

ஒருநாள் எங்கள் ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் அக்காவின் குரல் சற்றே நின்று, அடுத்த ஊருக்குப் போனது.

“கேட்டுகினுதான இருந்தீங்க? நம்மூரு பேரு வரலியே,” என்றாள் அம்மா.

அப்பா ரேடியோவை அணைத்தார். காலையில் பிடித்த அடைமழை எங்கள் ஓட்டின்மேல் பெய்துகொண்டேயிருந்தது.