மூன்றாம் தொட்டியில் ஒரு மீன் அதிகம்

மீன் வளர்ப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. எனக்குப் போக்குவதற்குப் பொழுது நிறைய இருந்தது என்பது உண்மைதான். கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையின் ஆய்வகத்தில் வேலை. கவரைப்பேட்டையில் மாடி வீடு, தனி ஆள். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்பினால் வீட்டில் ஆறு கண்ணாடித் தொட்டிகள் இருக்கும்.

அவற்றில் கடையில் வாங்கிய வண்ண மீன்கள் கிடையாது. எல்லாம் ஏரியிலும் ஓடையிலும் பிடித்த சிறு கெண்டைகள். இரண்டு விரற்கடை நீளம், வெள்ளி உடம்பு, வாலருகே ஒரு கறுப்புப் புள்ளி. மழைக்காலத்தில் ஆண் மீனின் துடுப்பு மட்டும் சிவக்கும். புத்தகங்களில் அதற்கு நீண்ட லத்தீன் பெயர் உண்டு. ஊரில் வெறும் கெண்டைப்பொடி.

மூன்றாம் தொட்டி மீன்கள் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஓர் ஓடைமடுவில் பிடித்தவை. மூன்று ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து இரண்டாம் ஞாயிறு, பதினான்கு மீன்கள். என்னோடு வந்த நண்பர், மீன் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பழக்கமானவர், அந்த ஆண்டே வேலை மாறி வடக்கே போய்விட்டார். மீனைப் பற்றி என்னிடம் நேரில் பேசியவர் அவர் ஒருவர்தான். அன்று நாங்கள் முழங்கால் நீரில் வலையோடு நின்றதை, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்தப் புடிச்சி இன்னா பண்ணப் போற நைனா? டப்பு குடு, நல்ல விராலா புடிச்சித் தரேன்.”

“வளக்கத்தான் பெரியவரே,” என்றார் நண்பர்.

“வளக்கறதுக்கா? அப்போ ஊட்ல கொசு இருக்குமே, அத்தையும் வளத்துக்கோ.”

எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கட்டாய விதி உண்டு. ஒரு மடுவின் மீனை இன்னொரு மடுவின் மீனோடு சேர்க்கக் கூடாது. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் ஒவ்வொரு நீர்நிலையிலும் அவை நெடுங்காலம் தனித்து வாழ்ந்தவை. ஒருமுறை கலந்துவிட்டால், பிடித்த இடத்தில் திரும்ப விடுவதற்கு உதவாது. அதனால் ஒவ்வொரு தொட்டிக்கும் தனி வலை, தனிக் குழாய், தனி நோட்டு. கீழ்வீட்டில் குடியிருந்த வீட்டுச் சொந்தக்கார அக்கா இதைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

“இன்னாமா இது, மீனுக்குமா ஊரு, ஜாதி பாக்குறே? ஒண்ணா உட்டாதான் இன்னா, பஞ்சாயத்தா வெச்சிடும்?”

விளக்கிச் சொல்ல முயன்றேன்.

சென்ற வைகாசியில் ஒரு கல்லூரி ஆய்வாளர் தொலைபேசியில் அழைத்தார். நண்பர் என் எண்ணைக் கொடுத்திருந்தார்.

“மேடம், அந்த மடுவுல ரெண்டு மழைக்காலமா தேடிட்டோம். ஒரு மீன்கூட இல்ல. உங்ககிட்ட இருக்கறதுதான் மிச்சம்னு நினைக்கிறேன். அதை வெச்சு இனப்பெருக்கம் பண்ணி, மழை வந்ததும் திரும்ப விடலாம். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?”

வீட்டில் தேநீர்க் கோப்பை ஒன்றுதான் இருந்தது. இன்னொன்று வாங்கினேன். பிஸ்கட் வாங்கினேன். தொட்டிக் கண்ணாடிகளைப் பழைய செய்தித்தாளால் இரண்டு முறை துடைத்தேன். சனிக்கிழமை மாலை, அவருக்குக் கொடுக்க மூன்றாம் தொட்டியின் நோட்டை நல்ல தாளில் பிரதியெடுக்க உட்கார்ந்தேன்.

முந்தைய ஆண்டு ஐப்பசியில், புயல் மழை பெய்த வாரத்தின் பக்கம் வந்தது. அன்று நான்காம் தொட்டியில் ஒட்டு விட்டு நீர் ஒழுகியது. அதில் இருந்தவை கவரைப்பேட்டை ஏரி மீன்கள். மின்சாரமும் இல்லை. பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய் ஒன்றே ஒன்று, அது மூன்றாம் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. எனவே ஏரி மீன்களை ஒரு வலைப்பெட்டியில் போட்டு அந்தப் பெட்டியை மூன்றாம் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். இரண்டு நாள்தான். எனக்குக் காய்ச்சல் வேறு. என் கையெழுத்தில் இப்படி இருந்தது: “பன்னிரண்டு வைத்தது. பதினொன்று எடுத்தது.”

செத்த மீனை நான் எழுதாமல் விட்டதே இல்லை. அந்த வாரம் சாவு எதுவும் எழுதப்படவில்லை. ஒரு மீன் வலைப்பெட்டியின் விளிம்பைத் தாண்டிக் குதித்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்றாம் தொட்டியில் இரண்டு தலைமுறை பொரித்துவிட்டது. பழைய பதினான்கும் ஒவ்வொன்றாக முதுமையில் போய்விட்டன.

அந்தப் பக்கத்தை என்னைத் தவிர யாரும் படித்ததில்லை. பிரதியில் ஒரு வரியை விட்டால் போதும், மழைக்காலத்தில் என் மீன்கள் பள்ளிப்பட்டு மடுவில் நீந்தும். கரையில் நான் நிற்பதைக்கூட நினைத்துப் பார்த்தேன். ஆலையில் ஒரு மாதிரித் துண்டு மாறிவிட்டது என்று தெரிந்தால் அந்த உலை வார்ப்பு முழுவதையும் நிறுத்திவைக்கச் சொல்பவள் நான். அப்படியும் அந்த வரியை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

ஞாயிறன்று அவர் வந்தார். தொட்டி முன் குனிந்து, “அழகா இருக்கு மேடம்” என்றார். பிரதியை நீட்டி, அந்த வரியில் விரலை வைத்தேன். அவர் படித்தார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் படித்தார்.

“இத நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்.”

“ஆமா.”

“ஒருவேளை அது முட்டை போடாமலே செத்திருக்கலாம் மேடம். சோதிச்சுப் பாத்துரலாம்.”

ஒன்பது மீன்களின் துடுப்பு நுனியில் கடுகளவு வெட்டி, சிறு குப்பிகளில் எடுத்துக்கொண்டு போனார். பிஸ்கட்டைத் தொடவில்லை.

ஆறு வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து ரயிலுக்கு நிற்கும்போது அழைத்தார். ஒன்பதிலும் ஏரி மீனின் கலப்பு இருந்தது. தாண்டிக் குதித்தது வலுத்த ஆணாக இருந்திருக்க வேண்டும்.

“அப்ப இதுங்கள என்ன பண்றது?” என்று கேட்டேன்.

“வளருங்க மேடம். ஆனா பெருக விடாதீங்க. யாராவது தெரியாம எடுத்துட்டுப் போய் எங்கயாவது விட்டா, அங்க இருக்கறதும் கெட்டுடும். ஆண் பெண்ணைப் பிரிச்சு வெச்சிருங்க.” பிறகு, “மடுவுல தொடர்ந்து தேடறோம். கிடைச்சா கட்டாயம் சொல்றேன்” என்றார். இதுவரை அழைப்பு வரவில்லை.

அந்த ஞாயிறே பிரித்தேன். ஆண்கள் பதினேழு, பெண்கள் இருபத்திரண்டு. பெண்களைக் காலியாக இருந்த ஐந்தாம் தொட்டிக்கு மாற்றினேன். இரண்டு தொட்டிகளையும் ஒட்டி வைத்திருந்ததால் இரு பக்கத்து மீன்களும் நாள் முழுக்கக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஒன்றையொன்று பார்த்து நின்றன. தீனி போட்டாலும் திரும்பவில்லை. பழைய காலண்டர் அட்டை ஒன்றை வெட்டி நடுவில் செருகினேன்.

வாடகை ரசீது கொடுக்க வந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

“இன்னாமா, இப்போ ஆம்பள தனி, பொம்பள தனியா? ஹாஸ்டலு நடத்திக்கினு கீறியா?”

“வார்டன் நான்தான் அக்கா.”

அவர் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். நான் ஐந்தாம் தொட்டியின் முன் உட்கார்ந்தேன். ஆடி மழைக்கு நீர் குளிர்ந்திருந்தது. பெண்களில் நான்கு, முட்டை சுமந்து வயிறு உப்பி, பாசிக்கொத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. சில நாளில் அந்த வயிறுகள் தாமாக வற்றிவிடும் என்று படித்திருக்கிறேன். எத்தனை நாளில் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. நோட்டில் அன்றைய தேதியைப் போட்டு, முதல் நாள் என்று எழுதினேன்.