ஐந்தருவி இறக்கத்தில் இரண்டு மிதி

ராயகிரியில் குற்றாலீஸ்வரன் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். பி.இ. மெக்கானிக்கல் முடித்த கையோடு கம்பெனி வேலை வேண்டாம் என்று தென்காசியில் ஒர்க் ஷாப் போட்டான். "படிச்ச பய கரியப் பூசிக்கிட்டு நிக்கான்" என்று சொந்தக்காரர்கள் ஏசியபோதுகூட அசராதவன், ஐந்தருவி ரோட்டில் குலை நடுங்கிப் போனான்.

கார், செங்கோட்டை மரக்கடை ஆறுமுகநயினார் அண்ணாச்சியுடையது. அழுத்தி ஓட்டினால் என்ஜின் திணறுகிறது, சீறிப் பாயணும் என்பது அவர் ஆசை. என்ஜினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டைக் குற்றாலீஸ்வரன் கழற்றினான். அதன் குழாய்களைக் குட்டையாக்கி, உட்புறத்தை அகலப்படுத்தி, மறுபடி மாட்டினான். குழாய் குட்டையானால் மெதுவாகப் போகையில் இழுவை கொஞ்சம் குறையும். என்ஜின் வேகமாகச் சுற்றும்போது மூச்சு தாராளமாகக் கிடைக்கும். அவன் செய்த முதல் மேனிஃபோல்டு அது.

ராகு காலத்துக்கு முன்னால் ஐந்தருவிக்குக் கிளம்பியாகணும் என்று அண்ணாச்சி டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு அவன் பக்கத்திலேயே நின்றார். அவர் மனைவி இராமலட்சுமி மதினி பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாயிற்று. அந்த அவசரத்தில், மேனிஃபோல்டிலிருந்து பிரேக்குக்குப் போகும் ரப்பர் குழாயைச் செருகியவன் கிளிப்பை முடுக்க மறந்தான். என்ஜின் உறிஞ்சும் உறிஞ்சலில்தான் பிரேக் மிதி லேசாக இறங்கும். அது இல்லையென்றால் மிதி கல்லாகிவிடும்.

ஏற்றத்தில் என்ஜின் சுற்றைக் காட்டும் முள் ஐயாயிரத்தைத் தாண்டியதும் கார் துள்ளியது. அருவிக்குப் போறமா, ஆகாயத்துக்குப் போறமா என்று மதினி கேட்டாள். ஓட்டியது அண்ணாச்சி. பக்கத்து சீட்டில் குற்றாலீஸ்வரனுக்கு நெஞ்சு விம்மியது.

ஐந்தருவியில் திருப்பிக்கொண்டு இறங்கும்போதுதான் 'ஸ்ஸ்' என்று அந்தச் சத்தம். அண்ணாச்சி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தும் முள் இறங்கவில்லை. ரப்பர் குழாய் கழன்றுவிட்டது. அவனுக்கு உடனே புரிந்தது. பிரேக் பக்கத்து வால்வு பிடித்துவைத்திருக்கும் மிச்ச உறிஞ்சலில் இன்னும் இரண்டு மிதிக்குத்தான் பிரேக் பிடிக்கும். சாரல் காலம். கீழே ஈரத்துண்டும் எண்ணெய்த் தலையுமாக ரோடு நிறைய ஜனம்.

சொன்னால் கடை பெயர் போய்விடும் என்று நாக்கு ஒட்டிக்கொண்டது. வளைவில் அண்ணாச்சி பிரேக்கை மிதித்தார். ஒன்று போச்சு.

"அண்ணாச்சி, பிரேக்கத் தொடாதீங்க. ரெண்டாவது கியருக்கு வாங்க."

"ஏம்லே, வண்டிய நீ ஓட்டுதியா, நான் ஓட்டுதேனா?"

"பிரேக் போச்சு அண்ணாச்சி. நான்தான் கிளிப்ப முடுக்கல."

அண்ணாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. கியரைத் தட்டினார். என்ஜின் அலறியது. பின்சீட்டில் மதினி குற்றாலநாதரைக் கூப்பிடத் தொடங்கினாள். குற்றாலீஸ்வரன் ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். எதிரே ரம்புட்டான் தள்ளுவண்டி, அதைச் சுற்றிப் பிள்ளைகள். கடைசி மிதியை இப்போது மிதிக்கச் சொன்னான். விடாமல், இரண்டு காலையும் வைத்து.

தள்ளுவண்டிக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. ஒரு பிள்ளை பழத்தை உரித்தபடி அவர்களையே பார்த்தது.

பானட்டைத் திறந்து குழாயைச் செருகினான். இந்தத் தடவை கிளிப்பை இறுக முடுக்கினான். அண்ணாச்சி மதினியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, சாவியை அவனிடம் நீட்டினார்.

"நான் பயந்தது போதும்லே. இனி நீ ஓட்டு. நான் பக்கத்துல உட்காருதேன்."

ஏறி உட்கார்ந்தான். கிளம்பும் முன் பிரேக்கை மிதித்துப் பார்த்தான், இறங்கியது. நம்பிக்கை வராமல் மறுபடி மிதித்தான். தென்காசிவரை முள்ளை இரண்டாயிரத்துக்கு மேல் அவன் ஏற்றவே இல்லை.